தாயக்கட்டைக்கு ஒரு நியாயம், அகதிப் பிள்ளைக்கு ஒரு நியாயம்

1892 ஆம் ஆண்டின் கோடைகாலத்தில், மொண்டே கார்லோ கசினோவின் ரூலட் சக்கரம் ஒவ்வொரு சுழற்சியிலும் எந்த நிறத்தில் நின்றது என்பதை ‘லெ மொனாக்கோ’ என்ற பத்திரிகை அச்சிட்டு வந்தது. சூதாடிகள் அதைப் பார்த்து அடுத்து எது விழும் என்று கணக்குப் போட்டார்கள். அதன் சில வார இதழ்கள் லண்டனில் இருந்த ஒரு கணிதப் பேராசிரியரின் கைக்கும் வந்தன. அவருக்குப் பந்தயத்தில் அக்கறை இல்லை. சக்கரம் நேர்மையானதா என்பதை அறியத்தான் அவர் விரும்பினார்.

அவர் பெயர் கார்ள் பியர்சன். சிவப்பும் கறுப்பும் மொத்தத்தில் ஏறத்தாழ சரிபாதியாகவே விழுந்திருந்தன. அதோடு நின்றிருந்தால் சக்கரத்தில் பிழையில்லை என்று சொல்லியிருப்பார். ஆனால் ஒரே நிறம் எத்தனை தடவை தொடர்ந்து விழுந்தது என்பதையும் அவர் எண்ணினார். நேர்மையான சக்கரத்தில் இத்தகைய தொடர்களில் பாதி, ஒரே தடவையோடு முடிந்துவிட வேண்டும். அவர் எடுத்த 4,274 தொடர்களில் அப்படி முடிய வேண்டியவை 2,137. அச்சில் இருந்தவையோ 2,462. இரண்டு தடவை, மூன்று தடவை என்று நீள வேண்டிய தொடர்கள் எதிர்பார்த்ததிலும் மிகக் குறைவு. உலகம் தோன்றிய காலம் முதல் ஆடியிருந்தாலும் இப்படி ஒரு விளைவு தற்செயலாக வந்திருக்காது என்ற முடிவுக்கு வந்தார். 1894 இல் கட்டுரை எழுதி, கசினோக்களை மூடி அந்தப் பணத்தை விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டார்.

இதற்குப் பிறகு சொல்லப்படும் கதை எங்கள் தொழிலைப் பற்றியது. சக்கரத்தில் பிழையே இல்லையாம். குறிப்பெடுக்க அனுப்பப்பட்ட செய்தியாளர்கள் மேசைக்குப் பக்கத்தில் நிற்கச் சோம்பல்பட்டு, மதுக்கடையில் இருந்தபடி எண்களைக் கற்பனையில் எழுதிக் கொடுத்தார்களாம். மனிதன் தற்செயலை நடிக்கும்போது நிறத்தை அளவுக்கு மிஞ்சி மாற்றிக்கொண்டே இருப்பான். ஆகவே பியர்சனின் கணக்கு சரி, எண்கள் நேர்மையான சக்கரத்திலிருந்து வந்தவையல்ல. ஆனால் அதிலிருந்து கசினோவைக் குற்றவாளியாக்கியது அவருடைய சொந்தப் பாய்ச்சல். கணக்கு அதைச் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசிக்கவும். அந்த மனிதரின் வாழ்க்கை முழுவதும் அது திரும்பத் திரும்ப வருகிறது.

பியர்சன் 1857 மார்ச் 27 இல் லண்டனில் பிறந்தார். தந்தை ஒரு வழக்கறிஞர். பிறக்கும்போது வைத்த பெயரின் முதல் எழுத்து ஆங்கில முறைப்படி வேறாக இருந்தது. ஜேர்மனியில் படித்த மோகத்தில் ஜேர்மன் எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிக்கொண்டார். கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் 1879 இல் மூன்றாம் இடம். அங்கே மாணவர்கள் கட்டாயமாகச் சமய வகுப்புக்கும் தேவாலயத்துக்கும் போக வேண்டியிருந்தது. அதை எதிர்த்துப் போராடி விலக்குப் பெற்றார். விலக்குக் கிடைத்த பிறகு தானாகவே தேவாலயத்துக்குப் போனார், கட்டாயம்தான் தனக்குப் பிரச்சினை என்று. ஹைடெல்பேர்க்கிலும் பேர்லினிலும் பௌதிகம், மெய்யியல், உரோமச் சட்டம் என்று எதையெல்லாமோ படித்தார். சட்டத்தரணியாகத் தகுதி பெற்றும் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் கழகங்களில் மார்க்ஸைப் பற்றி விரிவுரை செய்தார். 1885 இல் ஆண்களும் பெண்களும் சரிநிகராக அமர்ந்து பால் உறவுகள் பற்றி விவாதிக்கும் ஒரு கழகத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்து லண்டனுக்கு அது பெரிய துணிச்சல். அங்கே சந்தித்த மரியா ஷார்ப்பை 1890 இல் மணந்தார். இப்படி ஒரு இளைஞனைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப் போகும். எனக்கும் பிடித்தது. அதனால்தான் பின்பாதியை எழுதுவது கடினமாக இருக்கிறது.

1884 இல் லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் பிரயோக கணிதப் பேராசிரியரானார். கிரஷாம் கல்லூரியில் பொதுமக்களுக்கு நடத்திய விரிவுரைகளுக்கு நாணயங்களையும் தாயக்கட்டைகளையும் கொண்டுவந்தார். ஒருமுறை 10,000 பென்னிக் காசுகளை மண்டபத் தரையில் கொட்டிவிட்டு, எத்தனை தலை, எத்தனை பூ என்று மாணவர்களை எண்ணச் சொன்னாராம். தானே ஒரு நாணயத்தை 24,000 தடவை சுண்டியிருக்கிறார். 12,012 தடவை தலை விழுந்தது. 1892 இல் வெளிவந்த ‘விஞ்ஞானத்தின் இலக்கணம்’ என்ற அவருடைய நூலை, பத்து வருடம் கழித்து இளம் ஐன்ஸ்டைனும் நண்பர்களும் கூடியிருந்து வாசித்தார்கள்.

அவரைப் புள்ளிவிபரவியலுக்கு இழுத்து வந்தவர் வெல்டன் என்ற விலங்கியலாளர். வெல்டன் பிளிமத்திலும் நேப்பிள்ஸிலும் ஆயிரக்கணக்கான நண்டுகளை அளந்தவர். அளவுகள் ஒழுங்கான மணி வடிவ வளைவில் பொருந்துகின்றனவா இல்லையா என்பதே அவர்களுக்குள் ஓடிய கேள்வி. அதுவரை பலர் வளைவை வரைந்து, புள்ளிகளை அதன் மேல் வைத்து, கண்ணால் பார்த்துப் பொருந்துகிறது என்று சொல்லிவிடுவார்கள். கண் எதை விரும்புகிறதோ அது பொருந்தும். எவ்வளவு விலகினால் பொருந்தவில்லை என்று சொல்லலாம் என்பதற்கு எல்லோரும் ஏற்கக்கூடிய ஓர் அளவுகோல் இருக்கவில்லை.

1900 ஜூலையில் ‘பிலோசொபிக்கல் மகசின்’ இதழில் அந்த அளவுகோலைப் பியர்சன் கொடுத்தார். இன்று கைவர்க்கப் பரிசோதனை என்று உயர்தர, பல்கலைக்கழக மாணவர்கள் படிப்பது அதுதான். அதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று வெல்டனின் தாயக்கட்டைகள். 12 கட்டைகளைச் சேர்த்து 26,306 தடவை எறிந்து, ஒவ்வொரு எறிதலிலும் எத்தனை கட்டைகள் ஐந்தோ ஆறோ காட்டின என்று எழுதிவைத்திருந்தார்கள்.

முதலில் செய்ய வேண்டியது என்ன? கட்டைகளைப் பற்றி ஒரு கூற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்டைகள் நேர்மையானவை, ஒவ்வொன்றிலும் ஐந்து அல்லது ஆறு விழும் வாய்ப்பு சரியாக மூன்றில் ஒன்று என்பது அந்தக் கூற்று. இதற்குத்தான் பிற்காலத்தில் சூனியக் கருதுகோள் என்று பெயர் வந்தது. கட்டைகள் ஓரளவு நல்லவை என்று மழுப்பினால் வேலைக்காகாது. அந்தக் கூற்றிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் பிறக்க வேண்டும். மூன்றில் ஒன்று என்று சொன்னவுடன், 26,306 எறிதல்களில் ஒரு கட்டைகூட ஐந்தோ ஆறோ காட்டாதவை 203 இருக்க வேண்டும், ஐந்து கட்டைகள் காட்டியவை 5,018 இருக்க வேண்டும் என்று வரிசையாக எதிர்பார்த்த மீடிறன்கள் கிடைக்கின்றன. அவதானித்தவை முறையே 185 உம் 5,194 உம். வித்தியாசத்தை வர்க்கித்து எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, எல்லாப் பெட்டிகளையும் கூட்டினால் வருவதுதான் கைவர்க்கம். ஐந்து கட்டைகள் என்ற பெட்டி மட்டும் ஆறுக்குச் சற்று மேல் கொடுக்கிறது. பூச்சியம் முதல் பன்னிரண்டு வரையான 13 பெட்டிகளுக்கும் மொத்தம் ஏறத்தாழ 43.9.

மாற்றுக் கருதுகோள் என்பது அந்தக் கூற்று அப்படியே உண்மையல்ல என்பது மட்டும்தான். கட்டைகள் எப்படிப் பிழையானவை, எந்தப் பக்கம் சாய்கின்றன, யார் சாய்த்தார்கள் என்பதெல்லாம் அதற்குள் இல்லை. எல்லா விகிதங்களும் பிழை என்றும் அது சொல்லவில்லை. எங்கோ பொருந்தவில்லை என்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு கூற்றுகளும் கட்டைகளைப் பற்றியவை, கையில் உள்ள 26,306 எறிதல்களைப் பற்றியவை அல்ல. எறிதல்கள் சாட்சி மட்டுமே.

கட்டைகள் நேர்மையானவையாக இருந்தால் இவ்வளவு பெரிய விலகல் வருவதற்கு எதிரான வாய்ப்பு 62,499 இற்கு 1 என்று பியர்சன் கணித்தார். ஆகவே முதல் கூற்று நிராகரிக்கப்பட்டது. எண்களைத் திரும்பப் பார்த்தால், நான்கு கட்டைகள் வரையான பெட்டிகள் எல்லாம் எதிர்பார்த்ததிலும் குறைவு, ஐந்திலிருந்து மேலே உள்ளவை பெரும்பாலும் கூட. ஐந்தும் ஆறும் அடிக்கடி விழுந்திருக்கின்றன. புள்ளிகளுக்காகக் குழி தோண்டும்போது ஆறு பக்கம் பாரம் குறைந்து மேலே வருகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அது தனியாகச் சோதிக்கப்பட வேண்டிய இன்னொரு கருதுகோள்.

ஊடகக் கற்கைப் பட்டத்தின் இறுதியாண்டில் எனக்கும் இந்தப் பாடம் வந்தது. வினாக்கொத்துகளைக் கொடுத்து, திரும்ப வாங்கி, எண்ணிப் பார்த்து, எது கூட, எது குறைவு என்று தெரிந்த பிறகு உட்கார்ந்து சூனியக் கருதுகோளை எழுதினேன். அட்டவணைக்குப் பக்கத்தில் அழகாகவும் இருந்தது. விளைவைப் பார்த்துவிட்டு எழுதிய கூற்றை அதே விளைவைக் கொண்டு சோதிப்பது, விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவதற்குச் சமம் என்பது எனக்குப் பல வருடம் கழித்தே விளங்கியது.

நான் செய்ததைச் சற்று நுட்பமான வடிவத்தில் பியர்சனும் செய்தார் என்பதுதான் ஆறுதல். கட்டைகள் நேர்மையில்லை என்று கண்டபின் அவர் இரண்டாவது கூற்றுக்குப் போனார். எல்லா எறிதல்களிலும் ஐந்தும் ஆறும் விழுந்த விகிதத்தை அந்தத் தரவிலிருந்தே எடுத்தார். அது 0.3377. அதை வாய்ப்பாக வைத்து மறுபடி கணக்கிட்டால் கைவர்க்கம் 17.8 அளவுக்கு இறங்கியது. பொருந்துகிறது என்றார். தரவிடமே விகிதத்தைக் கேட்டு வாங்கிவிட்டு, அதே தரவு அதற்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும்போது பொருத்தம் இயல்பாகவே சற்றுக் கூடுதலாகத் தெரியும். அதற்கு ஒரு கழிவு விட வேண்டும். மொத்தம் முன்பே தெரிந்திருப்பதால் 13 பெட்டிகளில் சுதந்திரமாக அசையக்கூடியவை 12. விகிதத்தையும் தரவிலிருந்து எடுத்தால் 11. அந்தக் கழிவு புறக்கணிக்கக்கூடிய அளவு சிறியது என்று பியர்சன் நினைத்தார். இந்த உதாரணத்தில் அதனால் முடிவு மாறவில்லை. ஆனால் இரண்டு வரிசை, இரண்டு நிரல் கொண்ட சிறிய அட்டவணைகளில் அதே எண்ணம் பெரும் பிழையில் கொண்டுபோய் விட்டது.

1922 இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற 32 வயது இளைஞர் இதைச் சுட்டிக்காட்டினார். பியர்சன் ஏற்கவில்லை. தன் சொந்தச் சஞ்சிகையான ‘பயோமெட்ரிக்கா’வில், காற்றாலையோடு சண்டை போட்ட டொன் கிஹோட்டேக்கு ஃபிஷரை ஒப்பிட்டு எள்ளினார். நான்கு வருடம் கழித்து ஃபிஷர் ஒரு விசித்திரமான சாட்சியைக் கொண்டுவந்தார். பியர்சனின் மகன் எகன், வேறொரு நோக்கத்துக்காக, ஏறத்தாழ 12,000 சிறிய அட்டவணைகளின் பெறுபேறுகளை வெளியிட்டிருந்தார். தந்தை சொல்வது சரியென்றால் அவற்றின் கைவர்க்கச் சராசரி 3 ஆக இருக்க வேண்டும். ஃபிஷர் சொல்வது சரியென்றால் 1. வந்த விடை 1 ஐ ஒட்டி நின்றது. தன்னைத் திருத்தும் கருவி தன் வீட்டுக்குள்ளிருந்தே வந்தபோதும் முதியவர் மனம் மாறியதாகத் தெரியவில்லை. சூனியக் கருதுகோள் என்ற பெயரை 1935 இல் வெளிவந்த நூலில் நிலைநிறுத்தியவரும் ஃபிஷர்தான். மாற்றுக் கருதுகோளைப் பெயர் சொல்லி எதிரே நிறுத்த வேண்டும் என்பதை எகனும் போலந்திலிருந்து வந்த நெய்மனும் வகுத்தார்கள்.

இதுவரை சொன்னது கணக்கில் விட்ட பிழை. இதைவிடப் பெரிய பிழை கணக்குக்கு வெளியே இருக்கிறது.

கைவர்க்கக் கட்டுரை வந்த அதே 1900 ஆம் ஆண்டு நவம்பரில், போயர் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, பியர்சன் நியூகாசிலில் ஒரு விரிவுரை செய்தார். தேசங்கள் முன்னேறுவது தாழ்ந்த இனங்களோடு நடத்தும் போராட்டத்தால்தான் என்பது அதன் சாரம். யுத்தத்தை அவர் இயற்கையின் வேலையாகப் பார்த்தார். மார்க்ஸைப் பற்றிப் பேசிய இளைஞனுக்கும் இந்தப் பேச்சாளருக்கும் இடையில் இருந்தவை ஏறத்தாழ இருபது வருடங்கள். யுத்தத்தை இனத்தின் ஆரோக்கியம் என்று விளக்கும் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சார்ள்ஸ் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கோல்டன், நல்ல குடிகள் பெருகவும் ‘தகுதியற்றவர்கள்’ குறையவும் வேண்டும் என்ற கொள்கைக்கு இனமேம்பாட்டியல் என்று பெயர் வைத்தவர். 1911 இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற பணத்தில் ஒரு பேராசிரியர் பதவி உருவானது. அதில் முதலில் அமர்ந்தவர் பியர்சன். ஆய்வுகூடத்தில் நிறையப் பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவரான அலிஸ் லீ, மண்டையோட்டின் பருமனுக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை என்று காட்டியவர். புகழ்பெற்ற உடற்கூற்றியல் அறிஞர்களின் தலைகளையே அளந்து, சிலருடைய தலை மிகச் சிறியது என்று பெயரோடு வெளியிட்டார். பியர்சன் அவருக்குத் துணை நின்றார். ஆகவே பெரியவர்களின் நம்பிக்கையை எண்களால் உடைக்க அவருக்குத் தெரியாமல் இல்லை.

ஆனாலும் 1925 இல் அவர் தொடங்கிய இனமேம்பாட்டியல் சஞ்சிகையில் முதலில் வந்த கட்டுரை யூதப் பிள்ளைகளைப் பற்றியது. ரஷ்யப் பேரரசின் கீழிருந்த பகுதிகளில் நடந்த படுகொலைகளுக்கும் வறுமைக்கும் தப்பி லண்டனின் கிழக்குப் பகுதிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். முதலாம் உலக யுத்தத்துக்கு முன்பு, ஒரு யூத இலவசப் பாடசாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உயரம், நிறை, பார்வை, ஆசிரியர்கள் கொடுத்த அறிவுத் தரம் எல்லாம் சேகரிக்கப்பட்டன. வீடுகளுக்கும் போய் வாடகை, வருமானம், சுத்தம் வரை குறித்தார்கள். பியர்சனும் அவருடைய உதவியாளர் மார்கரட் மூலும் எழுதிய அந்தக் கட்டுரை, தங்களுக்கு எந்தச் சார்பும் இல்லை என்று தொடக்கத்திலேயே உறுதி கூறியது. பிறகு, இந்தக் குடியேறிகள் சராசரியாக உடலிலும் உள்ளத்திலும் பூர்வீகக் குடிகளைவிடச் சற்றுத் தாழ்ந்தவர்கள் என்ற முடிவுக்கு வந்தது. ஏற்கனவே நெருக்கமாக இருக்கும் நாட்டில் இவர்களைத் தாராளமாக அனுமதிப்பது சரியல்ல என்பது அதன் அரசியல்.

அந்தக் கட்டுரையின் கருவி கைவர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே சராசரிகளும் இணைபுக் குணகங்களும்தான் அதிகம். நான் பார்ப்பது கேள்வி வைக்கப்பட்ட விதத்தை. வெல்டனின் கட்டைகளுக்கு முதலில் நேர்மை என்ற அனுமானம் வழங்கப்பட்டது. அவை நேர்மையற்றவை என்று சொல்ல 26,306 எறிதல்கள் தேவைப்பட்டன. அதற்குப் பிறகும், பொருந்தவில்லை என்பதற்கு மேல் பரிசோதனை எதுவும் சொல்லவில்லை. ஸ்டெப்னியிலும் வைட்சப்பலிலும் வாழ்ந்த பிள்ளைகளுக்கோ, கப்பலால் இறங்கி ஒரு தலைமுறைகூட ஆகாத குடும்பத்தின் ஏழ்மையும், புது மொழியில் படிக்கும் வகுப்பறையும் கணக்கில் எடுக்கப்பட்டு, அவற்றால் பெரிய பாதிப்பில்லை என்று தள்ளப்பட்டன. மிஞ்சிய வித்தியாசம் இரத்தத்தின் மேல் விழுந்தது. மொண்டே கார்லோவில் சக்கரத்தைக் குற்றம் சாட்டிய அதே பாய்ச்சல். அங்கே நட்டப்பட ஒரு கசினோ இருந்தது. இங்கே இருந்தவர்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அதே லண்டன் பாடசாலைகளில் எண்பதுகளுக்குப் பிறகு எங்கள் உறவுகளின் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆங்கிலம் தெரியாமல், முதல் தவணை முழுவதும் பேசாமல்.

1933 இல் பியர்சன் ஓய்வு பெற்றார். துறை இரண்டாகப் பிரிந்தது. புள்ளிவிபரவியல் எகனுக்கு, இனமேம்பாட்டியல் ஃபிஷருக்கு. ஆம், தந்தையின் கணக்கைத் திருத்திய ஃபிஷரும் அந்தக் கொள்கையைத் தீவிரமாக நம்பியவர்தான். 1934 இல் பியர்சனைக் கௌரவிக்க நடந்த விருந்தில் அவர் பேசியபோது, ஜேர்மானிய மக்களைப் புத்துயிர் பெறச் செய்வதற்கான ஹிட்லரின் திட்டங்களை நம்பிக்கையோடு குறிப்பிட்டார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. கட்டாய மலடாக்கச் சட்டம் அங்கே ஏற்கனவே நடைமுறையில் இருந்தது. மறுவருடம் கொடுக்க முன்வந்த சேர் பட்டத்தை அவர் மறுத்துவிட்டார். பட்டங்களைப் பொறுத்தவரை மட்டும் இளமைக் காலத்துச் சோசலிசவாதி கடைசிவரை மாறவில்லை. 1936 ஏப்ரல் 27 இல் சரே மாவட்டத்தின் கோல்ட்ஹார்பரில் காலமானார்.

2020 ஜூனில் யூனிவர்சிட்டி கொலிஜ் அவருடைய பெயரில் இருந்த கட்டடத்திலிருந்தும் விரிவுரை மண்டபத்திலிருந்தும் பெயரை நீக்கியது. கோல்டனின் பெயரும் போனது. 2021 ஜனவரியில் இனமேம்பாட்டியலை வளர்த்ததற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பியர்சன் கட்டடம் இப்போது வடமேற்குப் பிரிவு என்று அழைக்கப்படுகிறது.